ஹசீனா இன்னொரு கையால் சாப்பிட்டாள்

2009 ஏப்ரல் 21, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வியர்வை. மேற்கிலிருந்து கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. நான் படிப்பிக்கும் நிலையத்துப் பாய்களைக் கழுவிக் காயப்போட்டேன். கடைவாய்ப் பல்லில் வலி. கராம்பு வைத்தும் குறையவில்லை. செல்வன் வந்ததும் வராததுமாக என் கன்னத்தைப் பார்த்து, வாய்க்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். வீங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பதினொரு மணி போல ஒரு பயம். மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த சல்ஹா ராத்தா அப்படியே பாயில் சரிந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. பாக்கியம் அக்கா ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். ராத்தா சாய்ந்தமருது, எங்கள் முஸ்லிம் ஊர், மகள் ஹசீனா. அக்கா பாண்டிருப்பு, தமிழ் ஊர், மகன் செல்வன். சுனாமிக்குப் பிறகு மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கென்று கல்முனையில் இந்த இடம் திறந்த நாளிலிருந்து இரண்டு தாய்மாரும் ஒரே பாயில்தான் இருப்பார்கள். பிள்ளைகள் என்று நாங்கள் சொல்வதெல்லாம் வாய்ப்பழக்கம். இருவரும் வளர்ந்தவர்கள்.

தெளிந்ததும் ராத்தா சொன்னது: கர்ப்பப்பையில் கட்டி. ஒப்பரேசன் செய்ய வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லி இரண்டு மாதம். இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறதாம். ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டேன். ராத்தா மகள் பக்கம் பார்த்தார். ஹசீனா குழாயடியில், விரல்களுக்கிடையில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டிருக்கவே வேண்டாம்.

ஏப். 22, புதன்

பல் வைத்தியரிடம் போக இருந்தது. போகவில்லை. ராத்தா வீட்டுக்குப் போனேன். சுனாமி வீட்டுத் திட்டம், கடலை விட்டுத் தள்ளி, வயலோரம். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ராத்தாவின் வீட்டை அடையாளம் காண்பது சுலபம். வாசலில் எப்போதும் தண்ணீர் வாளி ஒன்று, ஹசீனாவுக்காக.

ஹசீனாவுக்கு இருபத்துமூன்று. பேச்சு இல்லை. ஒரு டொக்டர் ஓட்டிசம் என்றார். இன்னொருவர் பிறந்த நேரம் மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்றார். பெயரால் ராத்தாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்தவை வேறு. மறக்காதிருக்க எழுதுகிறேன்.

சோறு உம்மாவின் கையால் மட்டும். கரண்டியைக் கண்டால் வாய் மூடிவிடும்.
சூடு கூடாது. ஆணம் (குழம்பு) சோற்றோடு நன்றாகக் குழைய வேண்டும். முருங்கைக்காய் வேண்டவே வேண்டாம்.
பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள்.
படுக்கும்போது உம்மாவின் வலது மணிக்கட்டு வேண்டும். பிடித்தால் விடியும்வரை விடமாட்டாள்.

இன்று நான் ஊட்டிப் பார்த்தேன். பயிற்சி எடுத்தவள் என்ற நினைப்புக் கொஞ்சம். ஹசீனா என் கையை முகர்ந்தாள். முகத்தைத் திருப்பினாள். இன்னொரு தரம் நீட்டினேன். பீங்கான் பறந்தது. என் முக்காடெல்லாம் பருப்பு.

ராத்தா துடைத்துவிட்டபடி மெல்லச் சொன்னார்: "நான் அங்க கெடந்தா இவ இங்க பட்டினியில கெடப்பா டீச்சர். ஊட்டுக்கு உட ஒரு கிழமைக்கி மேல செல்லுமாம்."

மூத்த மகன் கட்டாரில். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, ஹசீனாவின் முரட்டுப் பிடிக்குப் பயம். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு பயப்படுபவளைக் குற்றம் சொல்லேலாது. கணவர் சுனாமியில் மௌத். வேறு யார் யார் என்று ராத்தாவும் நானும் விரல் மடக்கிப் பார்த்தோம். விரல்கள் மிச்சம்.

ஏப். 23, வியாழன்

சக்கர நாற்காலி டயருக்குக் காற்று. குழாய்க்கு வாஷர். நாளைக்குள் மாற்ற வேண்டும்.

பாக்கியம் அக்காவிடம் ராத்தாவின் நிலைமையைச் சொன்னேன். அக்கா செல்வனின் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப நான் போய் நிக்கிறன்" என்றார். சந்தைக்குப் போய் வருகிறேன் என்பது போல.

எனக்கு விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"சல்ஹாட வீட்டதான். வேற எங்க? அவ எழும்பி நடக்குமட்டும் நிண்டு பாக்கிறன்."

ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அது முழுக்க முஸ்லிம் ஆட்கள் இருக்கும் சின்ன ஒழுங்கைத் தெரு, நாடு இருக்கும் நிலை இப்படி. அக்காவின் கணவர் கரைவலைக்குப் போனால் செல்வனைப் பார்ப்பது யார். எல்லாவற்றுக்கும் மேலே, அக்காவின் தங்கை பிள்ளைகளோடு சண்டை நடக்கும் வன்னியில். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. காலையும் மாலையும் அக்கா ரேடியோப் பெட்டியோடு இருப்பது எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டார். நூலைப் பல்லால் அறுத்தார்.

"வீட்ட இருந்து ரேடியோவக் கேட்டுக் கேட்டு நான் என்னத்தச் செய்ய டீச்சர். தங்கச்சிக்கு ஒண்டும் செய்ய ஏலா. இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு தீத்தலாம்தானே."

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா, அந்த மனுசிக்கு என்ன கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கேட்டார்.

ஏப். 25, சனி

அக்காவைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்கு. செக் பொயின்டில் இறங்கி நடந்து ஏறியது. அக்காவின் பையை இரண்டு தரம் பார்த்தார்கள். உள்ளே சேலையும் வெற்றிலையும்.

பக்கத்து வீட்டு மர்ஜான் மாமி காத்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டார்: இந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பொம்பிளை இந்த ஒழுங்கையில் தங்கி ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது? கடுமையாகத்தான் கேட்டார். ஆனால் மாமி பொல்லாதவர் அல்ல. தமிழரும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்ட கெட்ட வருடங்களில் ஒரு நாள் வயலுக்குப் போன அவருடைய மகன் திரும்பி வரவில்லை. அதை அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை. பாக்கியம் அக்காவுக்கும் தெரியும். அக்கா கோபப்படவில்லை, நீங்களும் வந்து வந்து பாருங்கள், பிழையாக ஏதும் கண்டால் அன்றைக்கே போய்விடுகிறேன் என்று சொன்னார்.

அடுத்தது சாப்பாடு. ஹலால் எப்படி என்று மாமி கேட்டார்.

"எறைச்சி நான் தொட மாட்டன். மீனும் மரக்கறியும்தான். மீனுக்கு ஓதி அறுக்கோணுமா மாமி?"

மாமி முந்தானையால் வாயை மறைத்தார். சிரிப்புத்தான்.

செல்வன் விசயம்: குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் வளர்ந்த ஆண் தங்க முடியாது. பகலில் நிலையம். மதியம் பின்வளவு மாமரத்தடியில் சாப்பாடு. மாலையில் தகப்பன் சைக்கிளில் வந்து ஏற்றிப்போவார். எல்லோருக்கும் சம்மதம்.

ராத்தா தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை அக்காவின் கையில் கொடுத்தார்.

ஏப். 28, செவ்வாய்

பயிற்சி வகுப்பில் படித்தது இன்றுதான் உதவியது. கைமேல் கை.

ராத்தா சோற்றைக் குழைத்து எடுக்கிறார். அவர் கையின் மேல் அக்காவின் கை. பிடிக்கக்கூடாது, அழுத்தக்கூடாது; சும்மா கிடக்க வேண்டும். இரண்டு கைகள் ஒன்றாக வாய்க்குப் போகின்றன. ஹசீனா அதைப் பார்த்த பார்வை! உள்ளே உம்மாவின் விரல் இருப்பதை முகர்ந்து கண்டுபிடித்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

மேலே கிடந்த கையையும் முகர்ந்தாள். மீன் வாடை, வெற்றிலை. மூக்கைச் சுருக்கினாள்.

அக்கா யோசித்தார். ராத்தா குளிப்பதும் உடுப்புத் துவைப்பதும் ஒரே சிவப்புச் சவுக்காரம். அதில் ஒரு கட்டி வாங்கிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். வெற்றிலையை இன்றோடு நிறுத்தினார்.

பல் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு.

மே 2, சனி

மழை வரும்போல் இருட்டி, வராமல் போனது. மரவள்ளி அவித்துச் சாப்பிட்டோம்.

இன்று கைகளை மாற்றினோம். அக்காவின் கை கீழே, ராத்தாவின் கை மேலே. முதல் வாய் போனது. இரண்டாவதில் ஹசீனாவுக்கு விளங்கிவிட்டது. கடித்தாள். வாயை இறுக்கிக்கொண்டு விடவேயில்லை. ராத்தா கத்தினார். அக்கா கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை. இழுத்தால் சதை கிழியும், பிள்ளையும் பயப்படும். அசையாமல் இருந்து, ஹசீனாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஏதோ முனகினார். பாட்டா, பேச்சா தெரியவில்லை. மெல்ல மெல்லத் தாடை தளர்ந்தது.

இரத்தம். துணி சுற்றினோம். ராத்தா அழுது, இது வேண்டாம், விட்டுவிடுவோம், நான் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அக்கா துணியைப் பல்லால் இறுக்கி முடிந்துகொண்டு சொன்னது: செல்வனும் சின்ன வயதில் இப்படித்தான் கடிப்பான், இவளுக்குப் பல் நல்ல பலமாக இருக்கிறது, அதைப் பார்த்துச் சந்தோசப்படு.

பிறகு மற்றக் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் பாயில் இருந்தார்.



மே 7, வியாழன்

நாளை போயா விடுமுறை, நிலையம் இல்லை. அலுமாரி துடைத்தேன். கறையான்.

ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்துவிட்டார்கள். 15ஆம் திகதி வெள்ளி ஒப்பரேசன், முதல் நாளே வந்துவிட வேண்டும்.

பின்னேரம் ராத்தா வீட்டில் மூன்று பேரும். ஹசீனா வாளிக்குப் பக்கத்தில். நான் ஏதோ பேச்சில், ராத்தாவைப் போல ஒரு தாய் எங்கே, சுனாமியில் மகளை விடாமல் காப்பாற்றியவர் அல்லவா என்றேன். ஊரெல்லாம் சொல்வதுதான். ராத்தா தலையைக் குனிந்தார். பிறகு இதைச் சொன்னார். கேட்டபடி எழுதுகிறேன்.

அப்போது வீடு கடற்கரைப் பக்கம். ஹசீனாவுக்கு வழக்கம், காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்து நிற்பது. கடல் வருகிறதென்று சனம் கத்திக்கொண்டு ஓடியது. ராத்தா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். கம்பியை விடவில்லை. விரலை விரலாகப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அடித்தார். முதுகில், கையில், முகத்தில். அந்த நேரம் தண்ணீர் வந்தது. கூரைக்குக் கிட்ட வந்தது. ஹசீனாவின் ஒரு கை கம்பியில். மற்றக் கை உம்மாவின் மணிக்கட்டில்.

"ஊர் சொல்றது பொய் டீச்சர். நான் அவளக் காப்பாத்தல்ல. நான் அவளுக்கு அடிச்சிட்டு நிண்ட நான். அவதான் என்னப் புடிச்சா. தண்ணி வத்துமட்டும் விடல்ல. ஒழுங்கையால ஓடின ஒருத்தரும் மிஞ்சல்ல. அவ கம்பிய விட்டிருந்தா நானும் அந்தச் சனத்தோட போயிருப்பன்."

வலது மணிக்கட்டைத் தடவிக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை; வெறும் தோல்தான்.

வாளியில் தண்ணீர் அளையும் சத்தம். ஒரு பிள்ளையைச் சுமக்கிறோம் என்று எத்தனை தரம் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். யார் யாரைச் சுமக்கிறார்கள்? யா அல்லாஹ், உன் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

பாக்கியம் அக்கா எழும்பிப் போய் ஹசீனாவுக்குப் பக்கத்தில் குந்தி, தானும் கையை வாளிக்குள் விட்டார்.

மே 12, செவ்வாய்

இன்று. இன்று!

ராத்தா பீங்கானைக் குழைத்து வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் தள்ளி இருந்தார். அக்காவின் கை மட்டும். காயம் ஆறி வருகிற கை. ஹசீனா முகர்ந்தாள். சவுக்காரம். உம்மாவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். 

வாயைத் திறந்தாள்.

ராத்தா எழும்பிக் குசினிக்குள் போனார். உள்ளே ஏதோ சட்டியை உருட்டினார். அழுகிறார் என்று தெரிந்தது. ஹசீனா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வாயைத் திறந்தாள். பாதிப் பீங்கான் போனது. மிச்சத்தைத் தள்ளினாள். போதும்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் வந்தது, ஏற மறந்தேன்.

மே 14, வியாழன்

விடிய வெள்ளனவே வெயில். ராத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். போகும்போது மகளின் நெற்றியில் ஓதி ஊதினார். மகள் பார்க்கவில்லை, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். த்ரீவீலில் ராத்தா ஒரு தரமும் திரும்பவில்லை. திரும்பினால் இறங்கிவிடுவேன் என்றார்.

மதியம் ஹசீனா சாப்பிடவில்லை. பீங்கானை எறிந்தாள். வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். நுனிக்கால் நடை, நிற்காமல். இரவும் இல்லை. அக்கா கையை நீட்டினால் வாய் பூட்டு.

ராத்தா பக்கத்தில் இருந்தபோது திறந்த வாய் அது. நாங்கள் பழக்கியது அக்காவின் கைக்கா, உம்மா பார்த்துக்கொண்டிருக்கும் கைக்கா? இதை முதலே யோசிக்கவில்லை.

மர்ஜான் மாமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மே 15, வெள்ளி

ஒப்பரேசன் முடிந்தது. கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டார்களாம். பார்வைக்குக் கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, சோதனை முடிவு வர வேண்டும் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். ராத்தா மயக்கத்தில். பார்க்க விடவில்லை.

நேரே ஹசீனாவிடம். நேற்று முதல் தண்ணீர் மட்டும். உதடு காய்ந்து கிடந்தது. அக்காவின் கண் சிவந்து, தலை வாராமல். நான் ஊட்டட்டுமா என்றேன். வேண்டாம், இன்றைக்கு யாரும் ஊட்டக் கூடாது என்றார். பிள்ளையைக் கெஞ்சிக் கெஞ்சிச் சோற்றையே பகையாக்கிவிட்டோமாம்.

பின்கதவைத் திறந்து வைத்து, படியில் இருந்துகொண்டு தன் சோற்றைப் போட்டார். மாமரத்தடியில் செல்வன். தேங்காய்ப்பால் ஆணம், பொரித்த கீரிமீன். தாயும் மகனும் மீனைப் பற்றிப் பேசிப் பேசிச் சாப்பிட்டார்கள். ஹசீனாவைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நடை நின்றது. அக்காவின் பின்னால் வந்து நின்றாள். பக்கத்தில் இருந்தாள். அக்கா அப்போதும் பார்க்கவில்லை. தோள் மட்டும் விறைத்தது.

ஹசீனா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, சோற்றோடு இருந்த கையை இழுத்துத் தன் வாய்க்குள் வைத்தாள்.

அவளாகவே. கேட்டு எடுத்தாள். இருபத்துமூன்று வருடத்தில் உம்மா அல்லாத ஒருவரிடம் அவள் கேட்ட முதல் காரியம் இதுவாக இருக்கலாம்.

அக்கா அடுத்த வாயைக் குழைத்தார். அடுத்தது. செல்வனின் பீங்கானில் இருந்த மீனும் போனது. இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடமாகப் போகிறது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அப்படியே நின்றேன், தொழ வேண்டும் என்றுகூட உடனே தோன்றவில்லை.

மே 16, சனி

பார்வை நேரம். செல்வனும் வருவேன் என்று நின்றான். சேட்டு, எண்ணெய் வைத்த தலை, கையில் ராத்தாவுக்கு இரண்டு தோடம்பழம்.

ராத்தா கண் விழித்திருந்தார். உதடு வெடித்து. முதல் கேள்வி மகள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீங்கள் நல்ல மனம், அப்படித்தான் சொல்வீர்கள் என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. பிறகு கட்டில் ஓரத்தில் நின்ற செல்வனைப் பார்த்தார்.

"செல்வா. நீ சொல்லு மகன். ஹசீனா திண்டாளா?"

செல்வன் யோசித்தான். அவனுக்கு எதையும் வரிசையாகத்தான் சொல்ல வேண்டும்.

"வியாழக்கிழம தின்னல்ல. பீங்கான எறிஞ்சா. அம்மா அழுதவ. வெள்ளிக்கிழம திண்டா. அம்மாட கையப் புடிச்சி இழுத்து இழுத்துத் திண்டா. என்ட மீனையும் திண்டுட்டா. எனக்கு மீன் இல்ல."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது முறைப்பாடுதான். ராத்தா வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பும் கண்ணீருமாக, மூச்சு முட்டி, தாதி வந்து அதட்டும்வரை. செல்வனுக்குப் பொய் சொல்ல வராது. அது குறை என்று எந்த டொக்டர் எழுதினாரோ.

போகும்போது அவனுக்கே ஒரு தோடம்பழம் திருப்பிக் கொடுத்தார், மீனுக்குப் பதிலாக.

மே 18, திங்கள்

மத்தியானத்திலிருந்து மெயின் றோட்டில் பட்டாசு வெடி. கொடி கட்டிய வாகனங்கள். சண்டை முடிந்துவிட்டதாம். உம்மா இரண்டு கையையும் ஏந்தி, இனியாவது பிள்ளைகள் சாகாமல் இருக்கட்டும் என்றார். நானும் ஆமீன் சொன்னேன். செருப்பைப் போடும்போதுதான் பாக்கியம் அக்கா ஞாபகம். அதற்குப் பிறகு ஓட்டம்தான்.

ஒழுங்கைக்குள்ளும் யாரோ சீனவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூலையில் அக்கா சுவருக்கு முதுகு கொடுத்துத் தரையில். ஹசீனாவை முன்னால் இருத்தி இறுக்கி வைத்திருந்தார், மோதினால் தலை தன் நெஞ்சில் படும்படி. ஒவ்வொரு வெடிக்கும் ஹசீனா துள்ளித் துள்ளி மோதினாள். அக்காவின் இரண்டு கையும் அவள் காதில். தன் காதைப் பொத்த அக்காவுக்குக் கை இல்லை.

அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல். என்னைக் கண்டதும், "தங்கச்சியாக்களப் பத்தி ஏதும் சொன்னாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

பின்கதவால் மர்ஜான் மாமி வந்தார். பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒழுங்கைக்குப் போனார். வெளியே அவர் குரல் உரத்துக் கேட்டது.

"இந்த ஒழுங்கையில கொளுத்தக் கூடா. இங்க ஆக்கள் இரிக்காங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஒழுங்கை அடங்கியது. மெயின் றோட்டுச் சத்தம் மட்டும் தூரத்தில். மாமி திரும்பி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அக்காவின் பக்கத்தில் இருந்தார். பிறகு தன் இரண்டு கையையும் அக்காவின் காதுகளில் வைத்தார்.

பொழுதுபட்டு மஃரிப் வரையும் அப்படியே மூன்று பேரும். நான் விளக்கைப் போட்டேன், தேத்தண்ணி வைத்தேன். எனக்குச் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை.

மே 20, புதன்

பஸ் இல்லை. நடை. செருப்பு வார் அறுந்தது.

ஹசீனா மூன்று வேளையும். இன்று பாக்கியம் அக்காவின் மடியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாளாம். மர்ஜான் மாமி வாழைப்பழம் ஊட்டிப் பார்த்தார், முகர்ந்துவிட்டுத் திருப்பிக்கொண்டாள். மாமி அந்தச் சவுக்காரம் எந்தக் கடையில் என்று விசாரித்துப் போனார்.

அக்காவின் தங்கையைச் செட்டிகுளத்துப் பக்கம் அகதி முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னாராம். நிச்சயமில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனார்.

மே 23, சனி

மேகம், காற்று இல்லை. ராத்தாவை வீட்டுக்கு விடத் துண்டு வெட்டினார்கள். த்ரீவீலை மெல்லப் போகச் சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் ராத்தா வயிற்றைப் பிடித்தார்.

சாப்பாட்டு நேரம். குசினித் தரையில் அக்காவும் ஹசீனாவும். வாசலில் ராத்தா நின்று சலாம் சொன்னார். குரலைக் கேட்டு ஹசீனா எழும்பி வந்தாள். உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையை எடுத்து முகர்ந்தாள். ஆஸ்பத்திரி மருந்து வாடை. மூக்கைச் சுருக்கி, கையை விட்டுவிட்டு, திரும்பிப் போய் அக்காவின் முன்னால் இருந்து வாயைத் திறந்தாள்.

அக்கா ஊட்டுவதா விடுவதா தெரியாமல் ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடு அக்கா, குடு என்று சாடை காட்டினார். கதவு நிலையைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம்.

"ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு துஆ கேட்டு வந்த நான் டீச்சர், இவ சின்னதிலருந்து. யா அல்லாஹ், என்ன எடுக்கிறதுக்கு ஒரு நாள் முந்தி இவள எடுத்துரு எண்டு. பெத்தவ கேக்கிற துஆவா அது? எனக்குப் பொறகு ஆரு எண்ட பயத்தில கேட்ட நான். சுனாமிக்குப் பொறகும் கேட்ட நான்."

மூச்சு வாங்கினார்.

"இனி அதக் கேக்க மாட்டன்."

அக்கா முள் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். ஹசீனா வாயைத் திறந்தபடி, பொறுமையாக, காத்துக்கொண்டிருந்தாள்.